ஏற்காட்டில் இருந்து இறங்கும் பஸ்: 48 மணி நேரத்தில் ஒரு கேம்

ஞாயிறு இரவு 7:38க்கு ஜிப் கோப்பு ஏறி முடிந்தது. எட்டு மணிக்குக் கெடு. மிச்சமிருந்த நேரத்தில் நான் செய்த ஒரே வேலை, பிரவுசரில் என் கேமைத் திறப்பது, மூடுவது, மறுபடி திறப்பது. திறந்தது. பஸ் இறங்கியது. ஹாரன் அடித்தால் எதிரே ஒரு லாரி பதில் ஹாரன் கொடுத்தது. அம்மா இரண்டாவது தடவை சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

கேம் ஜாம் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு தலைப்பு கொடுப்பார்கள், குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் ஒரு கேமை முழுதாகச் செய்து கொடுக்க வேண்டும். 2002இல் தொடங்கிய லூடம் டேர் இதில் பழைய பெயர். 2009இல் இருந்து நடக்கும் குளோபல் கேம் ஜாம் இன்னொன்று. நான் கலந்துகொண்டது அவ்வளவு பெரியது இல்லை, ஆன்லைனில் நடந்த ஒரு சின்ன ஜாம். தனி ஆளாகச் செய்ய வேண்டும், படமும் சத்தமும் அந்த 48 மணி நேரத்துக்குள் உருவானதாக இருக்க வேண்டும். வெள்ளி இரவு எட்டு மணிக்குத் தலைப்பு வந்தது: ஒரே ஒரு பொத்தான்.

என் கையில் இருந்தது 18,500 ரூபாய்க்கு வாங்கிய பழைய லேப்டாப், ஐ5, 8 ஜிபி ரேம். மென்பொருள் எல்லாம் இலவசம்: கேமுக்கு கோடோ 4.3, படத்துக்கு பிக்சலோராமா, சத்தத்துக்கு ஆடாசிட்டி. வேலை நாட்களில் நான் பார்ப்பது பில்லிங் மென்பொருள். கேம் செய்து முடிப்பது இது முதல் தடவை. இதற்கு முன் இரண்டு ஜாமில் பெயர் கொடுத்துவிட்டு சனிக்கிழமை மதியமே கைவிட்டவன்.

தலைப்பைப் பார்த்ததும் ஏற்காடு மலைப்பாதைதான் நினைவுக்கு வந்தது. சேலத்துக்காரனுக்கு வேறென்ன வரும்? இருபது கொண்டை ஊசி வளைவு. ஒரு பொத்தானை அழுத்தினால் பஸ் திரும்ப வேண்டும், விட்டால் நேராகப் போக வேண்டும். இவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை ஐந்தரை மணி நேரம்.

பஸ்ஸுக்கு நிஜமான எடை, உராய்வு எல்லாம் கொடுத்து இயற்பியல் பொருளாகச் செய்தேன். ரிஜிட்பாடி என்பார்கள். எடையைக் கூட்டினால் வளைவில் திரும்ப மறுத்தது. குறைத்தால் தீப்பெட்டி மாதிரி உருண்டது. உராய்வை 0.8 வைத்தேன், 0.6 வைத்தேன், 1.2 வைத்தேன். இரவு ஒன்றரைக்கு பஸ் ஒருவழியாக இரண்டு வளைவைத் தாண்டியது, மூன்றாவதில் பின்பக்கமாக மலை ஏறியது. இரண்டு மணிக்கு அந்த ஃபோல்டருக்கு ‘பழசு’ என்று பெயர் வைத்துவிட்டுப் படுத்தேன். அதை மறுபடி திறக்கவே இல்லை.

சனி காலை ஆறு மணிக்கு ஓர் உண்மை தெளிவாக இருந்தது: ஏற்காடு பஸ் டிரைவருக்கு ஸ்டியரிங் ஒரு பிரச்சினையே இல்லை. அவர் கை தானாகத் திரும்பும். அவர் கவனம் முழுக்க வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பதில்தான். ஆகவே ஸ்டியரிங்கைத் தூக்கிவிட்டேன். ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டின் மேல் பஸ் தானே ஓடும்படி வைத்தேன். கோடோவில் இதற்குப் பாத்2டி, பாத்ஃபாலோ2டி என்று இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஐந்தரை மணி நேரம் நடக்காதது இருபது நிமிடத்தில் நடந்தது.

ஒரு சிக்கல் மட்டும். பக்கவாட்டில் இருந்து பார்க்கிற மலை என்பதால் பஸ் ஒரு நேர்ச்சாலையில் வலப்பக்கம் போகும், வளைந்து அடுத்ததில் இடப்பக்கம் வரும். கோடு திரும்பும் பக்கமெல்லாம் படமும் சுழன்றதால், இடப்பக்கம் வரும்போது பஸ் தலைகீழாக, சக்கரம் மேலே தெரிய ஓடியது. சுழலும் வசதியை நிறுத்திவிட்டு, திசை மாறும்போது படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பினேன். வளைவில் மட்டும் காட்ட மூன்று படம் தனியாக வரைந்தேன்: பாதி திரும்பிய பஸ், நேர் முன்பக்கம், மறுபடி பாதி திரும்பிய பஸ். பஸ் 32×14 பிக்சல்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். திரை 320×180 பிக்சல். அதை நான்கு மடங்கு பெருக்கினால் 1280×720, ஆறு மடங்கு பெருக்கினால் 1920×1080, எங்கேயும் பிக்சல் பிசிறு வராது. ஒரு நேர்ச்சாலை 280 பிக்சல் நீளம், பஸ்ஸின் வேகம் விநாடிக்கு 90 பிக்சல். ஆக ஒரு சாலைக்கு மூன்று விநாடிச் சொச்சம். இருபது வளைவுக்கு இருபத்தொரு சாலை, நிற்காமல் ஓடினால் 65 விநாடி. நின்று வழிவிட்டுப் போனால் இரண்டு நிமிடத்துக்குள். ஜாம் கேமுக்கு அது போதும்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, இரண்டு மணி வரை. முந்தின நாளே மெசேஜ் வந்திருக்கிறது, நான் படிக்கவில்லை.

எங்கள் வீடு அம்மாப்பேட்டையில். பக்கத்து வீட்டில் நான்கு விசைத்தறி. விடிந்ததில் இருந்து இரவு வரை ‘படக் படக்’ நிற்காது. வீட்டில் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகவே பேசுவோம், அதற்குக் காரணம் இதுதான் என்று வெளியூருக்குப் படிக்கப் போனபோதுதான் தெரிந்தது. கரண்ட் போனதும் தறி நின்றது. தெருவே காதை அடைத்த மாதிரி அமைதியாகிவிட்டது. அப்போது தோன்றியது: சத்தம் பதிவு செய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஹாரனுக்கு என்ன செய்வது? எதிர்வீட்டுக் குழந்தையிடம் திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் பீப்பி ஒன்று இருந்தது. கெஞ்சி வாங்கி வந்து, கட்டிலில் போர்வைக்குள் புகுந்து, போனை ஒரு சாண் தள்ளி வைத்துப் பன்னிரண்டு தடவை ஊதினேன். அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மூடினார். ஆடாசிட்டியில் சுருதியை ஐந்து அரைச்சுரம் இறக்கினால் அது பஸ் ஹாரன். ஒன்பது இறக்கினால் லாரி ஹாரன். நம்பவே முடியவில்லை, அவ்வளவு பொருத்தம். பிரேக் கீச்சு, வண்டி இடிக்கும் சத்தம் போன்ற சில்லறைகளுக்கு ஜேஎஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற, கேம் சத்தங்களைத் தானே உருவாக்கும் கருவியைப் பயன்படுத்தினேன். அதன் மூலமான எஸ்எஃப்எக்ஸ்ஆர், 2007இல் ஒருவர் லூடம் டேரில் கலந்துகொள்பவர்களுக்காகச் செய்த கருவி. பதினேழு, பதினெட்டு வருடம் கழித்தும் ஜாமுக்கு ஜாம் அதே கீச்சு கேட்பதற்கு அதுவே காரணம்.

10:50க்கு லேப்டாப் பேட்டரி தீர்ந்தது. சார்ஜ் போட வழியில்லை. சரி, மலையையே பார்த்துவிட்டு வரலாம் என்று பைக்கை எடுத்தேன். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம். 60 அடி பாலத்தைத் தாண்டி மேலே ஒரு வளைவில், சுவரோரம் இடம் பார்த்து நின்றேன். கையில் கட்டம் போட்ட நோட்டு, போனில் ஸ்டாப்வாட்ச். நாற்பது நிமிடம் நின்றதில் எழுதிக்கொண்டது இரண்டே விஷயம். ஒன்று, பஸ் கொண்டை ஊசியில் திரும்ப மொத்தச் சாலையும் வேண்டும். நேர்ச்சாலையில் இரண்டு வண்டி தாராளமாகப் போகும், வளைவில் பஸ் திரும்பும்போது ஒரு ஸ்கூட்டருக்குக்கூட இடம் நெருக்கடி. ஆகவே கேமின் ஆபத்து முழுவதும் வளைவில்தான் இருக்க வேண்டும். இரண்டாவது, எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள், பைக்கில் வரும் சுற்றுலாப் பையன்களைத் தவிர.

திரும்பும் வழியில் கன்னங்குறிச்சியில் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டேன். பெரியப்பா லாரி டிரைவராக இருந்தவர், காபி மூட்டையும் மரமும் ஏற்றிக்கொண்டு இதே மலையில் ஏறி இறங்கியவர். நோட்டைக் காட்டி விளக்கினேன்: பஸ் அடிவாரத்தில் இருந்து ஏறும், எதிரே லாரி இறங்கினால் நாம் பொத்தானை அழுத்தி நிறுத்தி வழிவிட வேண்டும்.

“ஏன்டா நாம நிக்கணும்?” என்றார். “ஏறுற வண்டிக்குத்தான்டா வழி. இறங்குறவன் நிக்கணும். ஏத்தத்துல நிறுத்தினா மறுபடி எடுக்கிறது எவ்வளவு சிரமம்னு தெரியுமா உனக்கு?”

எனக்குத் தெரியும்தான், லைசென்ஸ் எடுக்கும்போது படித்த விதி. மலைச்சாலை குறுகலாக இருந்தால் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். கேமில் நேர்மாறாக வைத்திருந்தேன். அந்த இடத்திலேயே நோட்டைத் தலைகீழாகத் திருப்பினேன். பஸ் இனி ஏற்காட்டில் இருந்து இறங்கும். வளைவுகள் இருபதில் தொடங்கி ஒன்றில் முடியும். எண்ணிக்கை தானாகவே இறங்குவதால் மீதி எவ்வளவு என்று காட்டத் தனியாக எதுவும் வரைய வேண்டியதில்லை, சாலையோரப் பலகையே போதும்.

சோறு போட்டுக்கொண்டே பெரியப்பா இன்னொன்றும் சொன்னார். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை நம்பி இறங்கினால் பாதி மலையில் அது சூடாகிப் பிடிக்காது. கேமில் கியர் வைக்க எனக்குப் பொத்தான் இல்லை. ஆனால் பிரேக் சூடு வைக்கலாம். அழுத்திப் பிடித்தால் பிரேக், பிடிக்கப் பிடிக்கச் சூடு ஏறும், 100ஐத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. சட்டென்று தட்டினால் ஹாரன்.

மூன்று மணிக்கு வீட்டில் உட்கார்ந்தேன். தறி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே பொத்தானில் தட்டுவது, பிடிப்பது என்று இரண்டு வேலை வைத்தால் ஒரு வம்பு வரும். விரல் எடுக்கும்வரை அது தட்டலா பிடியா என்று கேமுக்குத் தெரியாது. நான் முதலில் விரல் எடுத்த பிறகே ஹாரன் அடிக்கும்படி எழுதினேன். கணக்குப்படி சரி, கையில் பிடித்தால் எரிச்சல். ஹாரன் எப்போதும் கொஞ்சம் தாமதமாக, தூங்கி எழுந்தவன் மாதிரி அடித்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு இப்படி மாற்றினேன்: பொத்தானைத் தொட்ட கணமே ஹாரன் அடிக்கும், 0.2 விநாடிக்கு மேல் பிடித்திருந்தால் பிரேக்கும் சேர்ந்துகொள்ளும். அதாவது பிரேக் போடும்போதெல்லாம் ஹாரனும் அடிக்கும். நம் ஊர் பஸ்ஸில் அதுதானே வழக்கம்? யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

இதற்கு அடுத்து நடந்தது என் சாமர்த்தியம் இல்லை. மாலை ஐந்து மணி இருக்கும். ஹாரனைத் தட்டினேன், இரண்டு ஹாரன் கேட்டது. ஒன்று என் பஸ், இன்னொன்று மேல் வலப்பக்கத்தில் இருந்து, கொஞ்சம் வேறு சுருதியில், தூரத்தில். தேடிப் பார்த்தால், காலையில் அளவு பார்க்க பஸ்ஸை நகல் எடுத்து இரண்டு வளைவுக்கு அப்பால் வைத்தவன் அதை அழிக்க மறந்திருக்கிறேன். அதுவும் பஸ்தானே, பொத்தானை அழுத்தினால் அதுவும் ஹாரன் அடிக்கிறது. ஒரே மாதிரி கேட்காமல் இருக்க ஒவ்வொரு ஹாரனுக்கும் சுருதி கொஞ்சம் மாறும்படி வைத்திருந்ததால் இரண்டும் தனித்தனி வண்டியாகக் கேட்டது.

அழிக்கப் போன கை நின்றுவிட்டது. எதிரே வண்டி இருந்தால் அது பதில் ஹாரன் கொடுக்கட்டும். இல்லையென்றால் மௌனம். தட்டு, காதைக் கொடு, பதில் வந்தால் வளைவுக்கு முன்னால் நில், வராவிட்டால் போ. கேம் இதுதான் என்று அப்போது புரிந்தது, ஜாம் தொடங்கி 21 மணி நேரம் ஆகியிருந்தது. நகலை அழித்துவிட்டு, 400 பிக்சலுக்குள் லாரி இருந்தால் 0.6 முதல் 1.1 விநாடிக்குள் பதில் வரும்படி எழுதினேன்.

ஆனால் திரையில் ஒரே நேரத்தில் நான்கு சாலை தெரிந்தது. லாரி வருவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம், ஹாரன் எதற்கு? மறைக்க வேண்டும். ஏற்காட்டில் மறைப்பதற்கு என்ன பஞ்சம், பனிமூட்டம் போட்டால் ஆயிற்று. முதலில் 200 துகளை மிதக்க விட்டேன், அழகாக இருந்தது, பிரவுசரில் விநாடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம், அதாவது திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு படம்) ஓடியது 24க்கு விழுந்தது. தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு வெள்ளைப் படம் வரைந்தேன், நடுவில் ஓட்டை, ஓரம் புள்ளிபுள்ளியாகக் கரையும். ஓட்டை பஸ்ஸோடு நகரும். ஓட்டையின் ஆரம் 70 பிக்சல். லாரி தெரியும்போது ஏறக்குறைய அரை விநாடிதான் மிச்சம், ஹாரன் அடிக்காதவன் தப்ப முடியாது.

கீழே இறங்க இறங்க மூட்டம் விலகுவதுதான் இயல்பு. அப்படி வைத்தால் கேம் கடினமாகத் தொடங்கிச் சுலபமாக முடியும். இதை நினைத்து ஒரு டீ குடித்தேன். பிறகு பார்த்தால் பிரச்சினை தானே தீர்ந்திருந்தது: கீழே வரும்போது பிரேக் சூடு ஏற்கெனவே 60, 70இல் நிற்கும். மேலே கண் தெரியாது, கீழே பிரேக் பிடிக்காது. கீழ்ப்பகுதியில் வண்டி எண்ணிக்கையை மட்டும் கூட்டினேன். சூடு முதலில் பிரேக் பிடித்த விநாடிக்கு 35 ஏறியது, நானே பன்னிரண்டாம் வளைவைத் தாண்டவில்லை. 20 ஆக்கினேன், விட்டால் விநாடிக்கு 6 இறங்கும்.

மோதினாலும் பிரேக் போனாலும் பஸ் பள்ளத்தில் விழாது. இதை முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அந்தப் பாதையில் நிஜமாக விபத்து நடந்திருக்கிறது, எனக்கு அதில் விளையாட்டுப் பார்க்க மனமில்லை. பஸ் ஓரமாக நிற்கும், ஒரு வரி வரும்: ‘பஸ் ஓரங்கட்டப்பட்டது. அடுத்த பஸ் 40 நிமிடம் கழித்து.’

இரவு எட்டு மணிக்குத் தட்டுவடை செட் வாங்கி வந்து தின்றுகொண்டே இன்ஜின் சத்தம் தேடினேன். எதுவும் பிடிக்கவில்லை. காது முழுக்கப் பக்கத்து வீட்டுத் தறி. சரி என்று அதையே பதிவு செய்தேன். நிமிடத்துக்கு 132 தட்டு. இரண்டு நகல் எடுத்து, ஒன்றை 0.23 விநாடி தள்ளி இன்னொன்றின் மேல் வைத்தால் தட்டு இரட்டிப்பாகிறது. வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் இறக்கினால் பழைய டீசல் இன்ஜின். சுற்றிச் சுற்றி ஓடும்போது ஒட்டும் இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு கேட்டது. அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடமாகப் பார்த்து வெட்டியதும் போனது. அடுத்த நாள் தறிக்கார அண்ணன் கேமைப் பார்த்துவிட்டு, “இது நம்ம மூணாம் நம்பர் தறியாச்சே” என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியாது.

ஞாயிறு காலை எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. பிரவுசருக்கு மாற்றி ஏற்றுவதுதான் பாக்கி, அரை மணி நேர வேலை என்று எழுதி வைத்திருந்தேன். மூன்று மணி நேரம் எடுத்தது.

முதலில் கேம் திறக்கவே இல்லை. ஏற்றும் தளம் ‘இன்டெக்ஸ்’ என்ற பெயரில்தான் முதல் பக்கத்தைத் தேடும், நான் ‘ஏற்காடு’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தேன். பெயரை மாற்றியதும் திறந்தது. திறந்தால் தமிழ் எழுத்து இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது. என் லேப்டாப்பில் ஓட்டும்போது தமிழ் அருமையாகத் தெரிந்தது. காரணம், கோடோவின் சொந்த எழுத்துருவில் தமிழ் இல்லை, இல்லாததை அது கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துருவில் இருந்து இரவல் வாங்கிக்கொண்டிருந்தது. பிரவுசரில் இரவல் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இறக்கி கேமுக்குள்ளேயே வைத்தேன். தமிழில் கேம் செய்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அதோடு விட்டதா? 320×180 திரையில் தமிழ் எழுத்து எட்டு பிக்சல் உயரத்தில் சேறு மாதிரி இருந்தது. ‘கொண்டை’யில் புள்ளி எங்கே என்று தேட வேண்டும். ஆங்கில எழுத்துக்கு எட்டு பிக்சல் தாராளம், நமக்குச் சுழியும் புள்ளியும் கொம்பும் வேண்டும். திரையை நீட்டும் முறையை ‘வியூபோர்ட்’டில் இருந்து ‘கேன்வாஸ் ஐட்டம்ஸ்’ என்று மாற்றினால், படம் பிக்சலாகவே இருக்கும், எழுத்து மட்டும் முழுத் தெளிவில் வரும். பிக்சல் கேமில் வழவழப்பான எழுத்து என்றால் கலைஞர்கள் முகம் சுளிப்பார்கள். படிக்க முடிந்தால் போதும் எனக்கு. தட்டச்சு மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வரும்படி வைத்திருந்ததையும் எடுத்தேன். ‘கொ’ வருவதற்கு முன் ‘க’ வந்து துள்ளுகிறது, ‘ண்’ வருவதற்கு முன் ‘ண’ வருகிறது. கண் கூசுகிறது. ஒவ்வொரு சொல்லாக வரவைத்தேன், நன்றாகவே இருக்கிறது.

அடுத்தது எதிரொலி. பதில் ஹாரனுக்கு மலை எதிரொலி வேண்டும் என்று கோடோவிலேயே அந்த விளைவைச் சேர்த்திருந்தேன். பிரவுசரில் எதிரொலி காணோம், வறண்ட பீப்பிதான் கேட்டது. 4.3இல் பிரவுசருக்குச் சத்தம் போகும் வழி வேறு, அந்த வழியில் இந்த விளைவுகள் வேலை செய்யாது. ஆடாசிட்டியில் ஹாரன் கோப்புக்குள்ளேயே எதிரொலியைச் சுட்டு எடுத்து வைத்தேன். பத்து நிமிட வேலை, காரணம் கண்டுபிடிக்க ஒன்றேகால் மணி நேரம்.

மதியம் லிங்கை நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். “பஸ் ஏன்டா இப்படிப் பறக்குது?” என்று கேட்டான். அவனிடம் இருப்பது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், விநாடிக்கு 144 சட்டகம் காட்டும். நான் பஸ்ஸை ஒவ்வொரு சட்டகத்துக்கும் 1.5 பிக்சல் நகர்த்தியிருந்தேன். என் 60 ஹெர்ட்ஸ் திரையில் அது விநாடிக்கு 90, அவனிடம் 216. வேகத்தை டெல்டாவால், அதாவது முந்தின சட்டகத்தில் இருந்து கடந்த நேரத்தால், பெருக்க வேண்டும் என்பது கோடோவின் முதல் பாடத்திலேயே வரும். முதல் பாடம் படித்தவன்தான் நானும். வெள்ளி இரவு எழுதிய நிரலில் பெருக்கினேன், சனி காலை அவசரத்தில் எழுதியதில் விட்டுவிட்டேன்.

நான்கு மணிக்கு லேப்டாப்பையும் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். ஸ்பேஸ் பாரில் கட்டை விரலை வைத்து உட்கார்ந்தார். இருபதாம் வளைவில் பதில் ஹாரன் கேட்டது, நின்றார், வழிவிட்டார், இறங்கினார். பத்தொன்பதில் மோதினார். மறுபடி தொடக்கம், மறுபடி பத்தொன்பது. மூன்றாம் தடவை அதைத் தாண்டினார், பதினேழில் மோதினார். அப்புறம் பதினைந்தில்.

எல்லாம் ஒற்றைப்படை வளைவு. நிரலில் ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன், அவர் விளையாட விளையாட நான் மனதுக்குள் வரிகளை ஓட்டிப் பார்த்தேன். ஒற்றைப்படை வளைவு எல்லாம் திரையின் வலப்பக்கம், ஆகவே பதில் ஹாரன் வலது காதில் வரும். அதில் தப்பு இல்லையே? பெரியப்பா ஹெட்போனைக் கழற்றி, “இந்தப் பக்கம் ஒண்ணும் வரலடா” என்றார். போட்டுப் பார்த்தேன், நன்றாக வந்தது.

நம் ஊர் லாரியில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். வலப்பக்க ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். முப்பத்தொரு வருடக் காற்றும் எதிர்வண்டி ஹாரனும் அவருடைய வலது காதில்தான் விழுந்திருக்கிறது. பெரியம்மா எப்போதும் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பேசுவதை நான் சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன், ஒருநாளும் காரணம் யோசித்ததில்லை.

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். சத்தம் இடம் வலமாகப் பிரியும் அளவு 1இல் இருந்தது, 0.3 ஆக்கினேன். இப்போது எந்தப் பக்கத்து லாரியும் இரண்டு காதிலும் கேட்கும், ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக. பெரியப்பா பதினொன்று வரை வந்தார். வந்ததும் கேட்டார்: “மூட்டத்துல ஹெட்லைட் போட மாட்டானா? ஹாரனுக்கு முன்னாடி லைட்டு தெரியுமேடா. வெள்ளையில மஞ்சளா கசிஞ்சு வரும்.”

கேட்டபோது மணி ஐந்தே முக்கால். புதிதாகப் படம் வரைந்து சோதிக்கப் பயமாக இருந்தது. முதல் திரையில் ‘சத்தம் அவசியம்’ என்று ஒரு வரி மட்டும் சேர்த்து ஏற்றிவிட்டேன். அது தவறு என்று அன்று இரவே தெரிந்தது. விளையாடிய பாதிப் பேர் போனில், சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடியிருக்கிறார்கள். அவர்களுக்கு இது வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு: மூட்டத்தில் இருந்து திடீர் திடீரென்று லாரி வந்து மோதுகிறது. ஒருவர்கூட அந்த வரியைப் படித்த மாதிரி தெரியவில்லை, நானாக இருந்தாலும் படித்திருக்க மாட்டேன். மதிப்பெண் பட்டியலில் நடுவில் எங்கோ வந்தது. சத்தத்துக்கான வரிசையில் மட்டும் கொஞ்சம் மேலே.

செலவு: பெட்ரோல் 150, கரண்ட் இல்லாத நேரத்துக்கு டேட்டா பூஸ்டர் 29, டீயும் தட்டுவடை செட்டும் 180, பீப்பியை ஊதி ஊதி நாக்கைப் பிளந்துவிட்டதால் புதுப் பீப்பியும் ஒரு ஐஸும் 40. மொத்தம் 399. வேலை பார்த்தது 29 மணி நேரம். அதில் ஏழு மணி நேரம் எழுதிய நிரல்தான் கேமில் மிச்சம். படத்துக்கு ஆறு, சத்தத்துக்கு மூன்றரை.

அடுத்த தடவை மாற்றப் போவது: முதல் இரவே ஒரு வெற்றுத் திரையில் தமிழில் ஒரு வரி எழுதி, ஒரு சத்தம் சேர்த்து, பிரவுசரில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கேமே தொடங்குவேன். மின்தடை மெசேஜைப் படிப்பேன். ஞாயிறு மாலை வரை காத்திருக்காமல் சனி இரவே யார் கையிலாவது கொடுப்பேன், என்னை மாதிரி இல்லாத ஒருவர் கையில். குப்பனூர் வழியாக இறங்கும் இரண்டாம் பாதை, குரங்கு, ஆறு வகை வண்டி என்று நோட்டில் எழுதியதை எல்லாம் எழுதாமலே விடுவேன். கடைசியில் செய்தது பஸ், லாரி, பைக் மூன்றுதான்.

ஜாம் முடிந்த அடுத்த வாரம் லைட்டைச் சேர்த்தேன். 24×24 பிக்சலில் மஞ்சள் கறை, மூட்டப் படத்துக்கு மேல் வைத்தால் வெள்ளையில் கசிவது போலவே இருக்கிறது. ஹாரன் கேட்காதவர்களுக்கும் இப்போது லாரி வருவது தெரியும். பெரியப்பா ஆறாம் வளைவு வரை வந்துவிட்டார். ஆறில் பைக்கில் ஒருவன் ஹாரனும் இல்லாமல் லைட்டும் இல்லாமல் வருவான். அவனுக்காவது லைட் போட்டுவிடு என்கிறார் அவர். நான் அந்த வளைவில் நாற்பது நிமிடம் நின்று எண்ணியவன், போடாமல்தான் வருவான் என்கிறேன்.